வெள்ளம் வடிந்தது, ஓதம் வடியவில்லை!

ஈரச் சுவர்களுக்கு நடுவே குடித்தனம் நடத்துவது எப்படி?

போலாரம் மேட்டுப் பூமி. மூசி நதியின் கரையைவிட மிகவும் உயரமானது. 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசி பெருகி ஐதராபாத் நகரத்தையே புரட்டிப் போட்டபோதும், ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டபோதும், அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மதராஸ் பட்டாளத்தோடு வந்து கண்டோன்மெண்டில் குடியேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள், "போலாரத்துக்கு ஏது வெள்ளம்?" என்று இன்றும் சொல்வதுண்டு.

சொல்வது சரிதான். ஆனால் மழைத் தண்ணீர் மேட்டில் நிற்பதில்லை. பள்ளத்தைத் தேடி ஓடுகிறது. அந்தப் பள்ளத்திலும் நம்மவர்கள் குடியிருக்கிறார்கள். வாடகை குறைவு என்று ஆல்வாலிலும், தொழிற்சாலை பக்கம் என்று ஜீடிமெட்லாவிலும், மனை மலிவாகக் கிடைத்தது என்று கொம்பள்ளியிலும் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். மேட்டிலேயே இருப்பவர்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. பழைய மாடி வீட்டின் தளம் ஒழுகினாலும், பக்கத்து வீட்டுக் குழாய் சுவருக்குள் வெடித்தாலும் வருவது இதே கஷ்டம்தான்.

2020 அக்டோபர் 13

வங்கக் கடலில் உருவான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 2020 அக்டோபர் 13-ந் தேதி காலை காக்கிநாடா அருகே கரையைக் கடந்தது. அன்று மாலையும் இரவும் ஐதராபாத் மீது கொட்டியது. 24 மணி நேரத்தில் பேகம்பேட்டையில் 19 சென்டிமீட்டர். நகரின் கிழக்கே காட்கேசர் பக்கத்தில் 32 சென்டிமீட்டர். நான்கே நாள் கழித்து 17-ந் தேதி மறுபடியும் பெருமழை. 2000 ஆகஸ்ட் 24-ல் பேகம்பேட்டையில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் பெய்ததை நினைவு வைத்திருந்தவர்கள்கூட, இந்த முறை தண்ணீர் வடிய எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்து மலைத்துப் போனார்கள்.

காரணம் ஏரிகள். நம்மூரைப் போலவே இங்கும் ஒரு செருவு நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக அடுத்த செருவுக்குத் தண்ணீர் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது. அந்த வழியெல்லாம் இப்போது காலனிகள். போலாரத்துக்கு மேற்கே ஜீடிமெட்லாவில் உள்ள ஃபாக்ஸ் சாகர் நிஜாம் காலத்து ஏரி. அது நிரம்பி வழிந்ததும் பக்கத்திலுள்ள உமா மகேஸ்வரா காலனி நீரில் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மழை விட்டுப் பல நாட்கள் ஆன பிறகும் அங்கே தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றது. பம்பு வைத்து இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது.

மாநில அரசு பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ரூ.10 ஆயிரம் அறிவித்து, அதற்கென ரூ.550 கோடி ஒதுக்கியது. முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ஒரு லட்சம், பாதி இடிந்த வீட்டுக்கு ரூ.50 ஆயிரம் என்றும் சொல்லப்பட்டது. தமிழ்நாடு அரசு ரூ.10 கோடி உதவி அறிவித்தது. மீ-சேவா மையங்களின் முன் ஜனங்கள் நீண்ட வரிசையில் நின்றதும், மாநகராட்சித் தேர்தல் வந்ததால் நவம்பர் 18-ந் தேதி மாநிலத் தேர்தல் ஆணையம் பட்டுவாடாவை நிறுத்தச் சொன்னதும் பலருக்கு மறந்திருக்காது.

அது கொரோனா காலமும்கூட. "நாலு நாள் எங்க வீட்ல வந்து இருங்க" என்று உறவுக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய நேரம். ஊருக்குப் போகலாம் என்றால் ரயில்கள் வழக்கம்போல் ஓடவில்லை. வேறு போர்ஷன் பார்க்கலாம் என்றால் கையில் அட்வான்ஸ் பணம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் இருக்கிற பாத்திரமும் மிஞ்சாது. ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் செய்ததெல்லாம், சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அதே வீட்டில் பாயை விரித்ததுதான்.

செங்கல் குடிக்கும் தண்ணீர்

தரையில் நின்ற தண்ணீர் வடிந்தவுடன் கஷ்டம் தீர்ந்தது என்று தோன்றும். சுவர் குடித்த தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நல்ல செங்கல்லே ஒரு முழு நாள் நீரில் கிடந்தால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்திய தர நிர்ணயமே அனுமதிக்கிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கும் மேல்! ஒரு சுவரில் எத்தனை செங்கல் என்று எண்ணிப் பார்த்தால், எத்தனை குடம் தண்ணீருக்கு நடுவே படுத்துத் தூங்குகிறோம் என்பது விளங்கும்.

அதோடு, நின்ற மட்டத்தோடு ஈரம் நிற்பதும் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஓரடி, ஒன்றரை அடி மேலே ஏறுகிறது. இதைத்தான் ஓதம் என்கிறோம். தெலுங்கு மேஸ்திரி 'தேம' என்பார். ஓதம் காயும்போது செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோல் பூப்பது அந்த உப்பு. அதைப் பூஞ்சைக்காளான் என்று பயந்து தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்துக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

எத்தனை நாளில் காயும்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்களின் உத்தேசக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் காற்று பட்டால் நாலைந்து மாதம். ஒரு பக்கம் பீரோவும் இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவரும் அடைத்திருந்தால் அதற்கும் மேல். தரையிலும் இதே கதைதான். இந்த ஊர் வீடுகளில் பாவியிருக்கும் ஷாபாத் கல் மேலே துடைத்தால் பளிச்சென்று இருக்கும்; அதன் அடியில் உள்ள மணலும் மண்ணும் வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். கல்லின் இணைப்புகளில் கசிவு தெரிந்தால் மூலையில் ஒரு கல்லைப் பெயர்த்து வைத்துக் காற்றுப்பட விடுவது நல்லது.

இந்த விஷயத்தில் சென்னைக்காரரைவிட ஐதராபாத்காரர் அதிர்ஷ்டசாலி என்றே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி அடையாறு பெருகி வீடுகளில் புகுந்தபோது, அங்கே கடலோரத்து ஈரக் காற்று. இங்கே நவம்பர் பிறந்தால் தக்காணத்தின் வறண்ட காற்று வீசத் தொடங்கிவிடுகிறது. பகலில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதும். கூலி கேட்காத வேலையாள் அது. திருடன் பயத்தால் பகலிலும் எல்லாக் கதவையும் சாத்திவைக்கும் வீடுகளில்தான் மாசி வந்தும் வாடை போவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் நனைந்த சுவர் என்றால் மழைக்காலம் முடியும்வரை பொறுமை வேண்டும். மேஜை விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பி வைக்கலாம்.

சீக்கிரம் காயட்டும் என்று அறைக்குள் கரி அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. அது உயிருக்கே உலை. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

பண்டிகைக்குப் பெயிண்ட்

2020-ல் வெள்ளம் வந்து சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 14-ந் தேதி, தீபாவளி. இப்படிப்பட்ட சமயத்தில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது:

"ஏங்க, நல்ல நாளும் அதுவுமா சுவரு இப்படிக் கறுத்துக் கிடக்கு. ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சுட்டா என்ன?"

"அடிச்சா பொங்கலுக்குள்ள உரிஞ்சுடும்னு மேஸ்திரி சொல்றாரே."

"அது அப்ப பார்த்துக்கலாம். வர்றவங்க போறவங்க என்ன நினைப்பாங்க?"

மேஸ்திரி சொல்வதே நிஜம். ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பது, வியர்த்த உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவது மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகி, பெயிண்டையும் பட்டியையும் சேர்த்துத் தள்ளிவிடும். இரண்டு செலவு. பண்டிகைக்குக் கட்டாயம் சுவர் வெளுத்தாக வேண்டும் என்றால், பழைய முறைப்படி கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ அடிக்கலாம். சுண்ணாம்பின் வழியே சுவர் மூச்சுவிடும், கிருமிக்கும் ஆகாது. பிறகு சுரண்டுவதும் சுலபம். நாலு பேர் முன் கௌரவம் என்பதற்காக இந்தச் சிறு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் படித்த குமாஸ்தாக்களில்தான் அதிகம். கூலி வேலைக்குப் போகிறவர் மேஸ்திரி பேச்சைக் கேட்டுக்கொள்கிறார்.

சிமெண்டுப் பூச்சு ஊதி, தட்டினால் 'டொப் டொப்' என்று சத்தம் கேட்கிறதா? அதை நீர் நின்ற கோட்டுக்கு ஓரடி மேல் வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை அப்படியே சில மாதம் விட்டுவைக்க வேண்டும். பார்க்க அவலட்சணம்தான். ஆனால் சுவர் காய்வதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஒரு அறை மட்டும் முதலில்

வீடு முழுவதையும் ஒரேயடியாகச் சீர்படுத்த முனைந்தால் எந்த அறையும் உருப்படாது. சேறு வாரிய கையோடு ஓர் அறையை, வெயில் படும் அறையாக இருந்தால் நல்லது, மனிதர் வாழ்வதற்கென்று முதலில் தயார்செய்ய வேண்டும். கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, மறுபடி துடைத்து, காற்றாட விட்டு, தரையில் படுக்காமல் கட்டிலோ பலகையோ போட்டுக்கொண்டு, அங்கே மட்டும் குடித்தனம். மற்ற அறைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒன்றாக முறை. மாடி உள்ள வீடானால் சமையல் மாடிப்படிக் கீழோ மொட்டை மாடியிலோ. மாடி வீட்டம்மா "பர்வாலேதம்மா, இக்கடே வண்டுகோண்டி" என்று இடம் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்த வீட்டுத் தெலுங்கரும் தமிழரும் ஒரே அடுப்பில் மாற்றி மாற்றிச் சமைத்துச் சாப்பிடுவது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறைக்குள் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டும் வேண்டுமானால் வெவ்வேறு நாளில்.

சம்பில் வெள்ளத் தண்ணீர் கலந்திருந்தால், முழுதும் இறைத்து, அடியில் படிந்த சேற்றை வாரி, சுவர்களைத் தேய்த்துக் கழுவிய பிறகே குழாய்த் தண்ணீரை உள்ளே விட வேண்டும். நிரப்பியபின் ஆயிரம் லிட்டருக்கு சுமார் 2½ கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். காலில் புண், வெடிப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வருகிறது. வெள்ளத்துக்குப் பிறகு ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், மாத்திரைக் கடையோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போய், வெள்ளத்தில் நின்றதையும் சொல்ல வேண்டும்.

இரும்பு பீரோ, இலவம் மெத்தை

மின்சாரத்தில் அவசரம் கூடாது. சுவருக்குள் போகும் குழாய்களில் தண்ணீர் தங்கியிருக்கும். ஸ்விட்ச் போர்டுகளைக் கழற்றி, காயவிட்டு, எலெக்ட்ரீஷியன் மெகர் வைத்துப் பார்த்த பிறகே மெயினைப் போட வேண்டும். 'விளக்கு எரிகிறதே' என்பது சாட்சியல்ல. பிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் இவை நனைந்திருந்தால், ஓடுகிறதா என்று போட்டுப் பார்ப்பதுதான் அவற்றைக் கொல்லும் வழி. காய்ந்தால் பிழைத்திருக்கக்கூடிய மோட்டார் அந்த ஒரு நொடியில் கருகி, வைண்டிங் கடைக்குப் போகும். இதைத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஷிப்டுக்குப் போனபின் வீட்டில் யாராவது போட்டுப் பார்த்துவிடுகிறார்கள்!

தேக்குக் கட்டில் நிழலில் மெதுவாகக் காய்ந்தால் மீளும். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை அலமாரி ஊதிவிட்டால் அதற்கு மருந்தில்லை. இரும்பு பீரோவின் பூட்டையும் இழுப்பறைத் தடங்களையும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டால் பிழைக்கும். இலவம்பஞ்சு மெத்தை மழைத் தண்ணீரில் மட்டும் நனைந்தது என்றால் பிரித்துக் காயவைக்கலாம். சாக்கடை கலந்த நீரில் ஊறிய மெத்தை, தலையணை, அரிசி மூட்டை எதுவானாலும் எறிந்துவிட வேண்டியதுதான். இந்த எறியும் விஷயத்தில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த மெத்தை என்றால் எந்தப் பெண்தான் சும்மா தூக்கிக் கொடுப்பாள்?

காகிதங்கள்

மெத்தை போனால் வாங்கலாம். வெளிமாநிலத்தில் வாழ்கிறவனுக்குக் காகிதம் போனால் கால் உடைந்த மாதிரி. பத்திரம், எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், பாஸ்புக், ஜாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில், அதுவும் கட்டிலுக்கு அடியில்!

நனைந்து ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயலக் கூடாது, கிழியும். கட்டாகவே எடுத்து, மேல்சேற்றை நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, தண்ணீரை வடியவிட வேண்டும். பிரியும் தாள்களுக்கு இடையே மட்டும் வெள்ளைத் தாளோ பழைய துணியோ வைத்து, அடிக்கடி மாற்றி, நிழலில் விசிறிக் காற்றில் காயவைக்கலாம். வெயில் ஆகாது. கட்டு பெரிதாக இருந்து உடனே கவனிக்க முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் போட்டு, மின்சாரம் உள்ள வீட்டு பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிடலாம். கேட்க வேடிக்கையாக இருக்கும். உறையவைத்தால் பூஞ்சை பிடிக்காது. மையும் மேலும் பரவாது. நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பார்க்கலாம். நனைந்த புத்தகங்களைக் காப்பாற்ற உலகத்து நூலகங்கள் கையாளும் முறை இது. 1966 நவம்பரில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஆர்னோ நதி புகுந்து தேசிய நூலகமே சேற்றில் முழுகியபோது, பல நாட்டு இளைஞர்கள் வந்து வரிசையில் நின்று கைக்குக் கை புத்தகங்களைக் கடத்தி மேலே ஏற்றினார்கள். நனைந்த காகிதத்தைக் காப்பாற்றும் வித்தை அதன் பிறகுதான் தனிச் சாஸ்திரமாக வளர்ந்தது.

கிழிந்த, நைந்த ரூபாய் நோட்டுகளை ரிசர்வ் வங்கி விதிகளின்படி வங்கிகளில் மாற்றிக்கொள்ளலாம். கிரயப் பத்திரம் அழிந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். 2015 வெள்ளத்துக்குப் பின் தமிழ்நாட்டில் ஆவணம் இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம்கள் நடந்தன. இங்கே இருந்துகொண்டு ஊர்ப் பள்ளிச் சான்றிதழுக்கு நகல் வாங்குவது வேறு பாடு. லீவு, ரயில் செலவு, தலைமை ஆசிரியர், தாசில்தார் என்று போகும். ஒவ்வொன்றையும் இன்றே போட்டோ எடுத்து, ஊரில் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைப்பது அந்த ரயில் செலவைவிட மலிவு.

பழுது யார் செலவு?

"அந்தா பாகானே உந்தி, கொஞ்செம் அட்ஜஸ்ட் சேஸ்கோண்டி" என்பார் வீட்டுக்காரர். பாவம், அவருக்கும் நஷ்டம்தான். ஆனால் குடித்தனக்காரருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-வது பிரிவின்படி, வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, தெரிவித்தபின் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடித்தனக்காரர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வெள்ளத்தால் வீட்டின் முக்கியமான பகுதி அழிந்தோ, குடியிருக்க நிரந்தரமாகத் தகுதியற்றோ போய்விட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவே செல்லும். ஆகவே பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டுப் பேசுவது உத்தமம். வாயால் சொல்வதோடு ஒரு கடிதமும் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் நோட்டீஸ் என்று முதல் நாளே ஆரம்பிப்பது புத்திசாலித்தனம் அல்ல. அந்த வீட்டிலேயே அல்லவா மேலும் ஆறு மாதம் இருக்க வேண்டும்!

2021 ஏப்ரல் முதல், 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் வழங்குகின்றன. வெள்ளமும் அதில் அடக்கம். வாடகைக்கு இருப்பவர் தம் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்திருப்பவர், சர்வேயர் வந்து பார்க்கும்வரை எறிய வேண்டிய சாமானையும் போட்டோ எடுத்து, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். சுவரைக் கழுவும் சுறுசுறுப்பில் முதலில் அழிவது அந்தக் கோடுதான்.

கடைசியாக, சுவர் காய்ந்ததா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒட்டிப் பார்க்கலாம். மூன்று நான்கு இடங்களில் ஒட்டியும் துளி இல்லையென்றால், அன்றைக்குப் பெயிண்டரைக் கூப்பிடலாம்.